அப்பாவின் காரில் ஒயில் ஒழுகிய விபரம்

தலைமன்னார்,
ஞாயிறு பூசைக்குப் பிறகு.

பாசமுள்ள தம்பி மில்ரனுக்கு,

நீயும் மனைவியும் பிள்ளைகளும் நோர்வேயின் இருட்டாத இரவுகளிலும் நன்றாக நித்திரை கொள்ள அந்தோனியாரை மன்றாடி அக்கா எழுதுவது. நான் சுகம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "தம்பி" என்றவுடன் நீ "அக்கா, மீற்றிங்" என்கிறாய். கடிதத்துக்கு மீற்றிங் கிடையாது, முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும்.

"அப்பான்ர காரில ஒயில் லீக் ஒண்டுதானே அக்கா, சின்ன வேலை, திருத்தி வித்துவிடுங்கோ" என்றாய். அந்தச் சின்ன வேலையின் விபரம்தான் இது.

அப்பா கண்மூடிய பிறகு நான் காரை வெளியே எடுக்கவில்லை. ஓட்டத் தெரியும், லைசன்ஸும் இருக்கிறது, போவதற்குத்தான் இடமில்லை. கிழமைக்கு ஒருமுறை ஸ்ராட் பண்ணி, உள்ளே இருந்து ஒரு செபமாலை சொல்லிவிட்டு நிப்பாட்டிவிடுவேன். நீ சொன்னபடி, மன்னாரில் கராஜ் வைத்திருக்கும் நிப்ராஸைக் கூப்பிட்டேன். சொந்த இடம் சிலாவத்துறை, தங்கமான மனுசன், ஆனால் பிழையானதையும் நல்ல நம்பிக்கையோடு சொல்லுவார். காருக்கு அடியில் பிஸ்கற் பெட்டி மட்டையை விரித்துவிட்டு, "விடியச் சொட்டு எங்க கிடக்குதெண்டு பாருங்கோ அக்கா, அதுக்கு நேர மேலதான் லீக்" என்று சொல்லிப் போனார். விடியப் பார்த்தால் மூன்று இடத்தில் சொட்டு. மிச்ச இடத்தில் பூனை படுத்திருந்தது, அதன் முதுகிலும் கறுப்புக் கோடு.

முதலில் அடியில் ஒயில் இறக்கும் நட்டுக்கு வாஷர் மாற்றினார். "இனி ஒரு சொட்டு வராது" என்றார். வந்தது. அடுத்த தரம் எஞ்சினின் மேல்மூடிக்குப் புதுக் காஸ்கெற் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ற்றை இறுக்கினார். இறுக்கின இறுக்கில் மூடி நெளிந்து, அதுவரை சொட்டினது ஓடத் தொடங்கியது. "அக்கா, இது ஒரு முன்னேற்றம்" என்றார். என்ன முன்னேற்றம் என்று கேட்டேன். "ஒரு இடம் நிச்சயமாத் தெரிஞ்சிட்டுதே!" நான் சிரித்துவிட்டேன். தம்பி, இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டுவிட்டேன்.

மூடியை நிமிர்த்திப் பூட்டியும் மற்ற இடங்கள் நிற்கவில்லை. சோளகக் காற்று அள்ளிப் போட்ட மணல் ஒயிலில் ஒட்டி, எஞ்சின் பொரிக்கத் தூள் பிரட்டிய மீன் மாதிரிக் கிடந்தது. அதில் பழைய ஒயில் எது, புது ஒயில் எது என்று ஆருக்குத் தெரியும்? நான்தான் யோசித்து, மண்ணெண்ணெயால் முழுவதும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, மேலெல்லாம் என் முகப்பவுடரைத் தூவினேன். ஈரம் பட்ட இடத்தைப் பவுடர் காட்டிக்கொடுக்கும்தானே. பிறகு நிப்ராஸைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு இறங்குதுறை வரைக்கும் ஓட்டினேன். கால் வைக்கிற இடத்து ஓட்டைகளால் பாதிப் பவுடர் உள்ளுக்கு வந்துவிட்டது. நாங்கள் இறங்கினதும், கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். "என்ன அக்கா, மா மில்லுக்குள்ளாலயா வாறீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

பொனற்றைத் திறந்தால், ஒரு இடம் இரண்டு இடமில்லை, மூட்டுக்கு மூட்டு ஒயில் கசிந்திருந்தது. நிப்ராஸ் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, ஒரு குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தினார். மண்கட்டி ஒன்று விழுந்தது. குளவிக்கூடு! ஓடாமல் நின்ற காரில் குளவி வீடு கட்டியிருக்கிறது.

"எஞ்சினுக்குள்ள இருக்கிற காத்து இதாலதான் வெளிய போகோணும் அக்கா. அடைச்சுப்போட்டா, உள்ளுக்க முட்டி, ஒயிலைக் கண்ட கண்ட இடத்தால தள்ளும். பாவம், இவ்வளவு நாளும் மூச்சு விட ஏலாமக் கிடந்திருக்கு."

எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. கண்ணுக்குள் பவுடர் போய்விட்டது என்று சொன்னேன். அவர் தன் கண்ணையும் கசக்கிக்கொண்டு, "ஓம் அக்கா, பொல்லாத எரிச்சல்" என்றார்.

இப்போது ஒரு சொட்டும் இல்லை. நிப்ராஸ் வருவதற்கு வேலையும் இல்லை. நேற்றுப் பின்னேரம் பழக்கதோசத்தில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றி, இரண்டையும் நானே குடித்துவிட்டு நித்திரை வராமல் கிடந்தேன். நீ பேசிவைத்த டிலக்‌ஷன், கலியாணங்களுக்குக் கார் விடுகிறவர், நாளைக்கு வருகிறாராம். சாவியைக் கொடுத்துவிடுகிறேன். முற்றம் பெரிதாகிவிடும், கூட்டுகிற வேலைதான் கொஞ்சம் கூடும்.

உங்கள் எல்லோருக்கும் மடுமாதா துணை நிற்க வேண்டும். சின்னவனுக்கு என் முத்தம். இந்த மாமியின் முகம் மறந்திருந்தால் படத்தைக் காட்டு.

இப்படிக்கு,
அக்கா அருள்நாயகி

பின்குறிப்பு: டிலக்‌ஷன் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், பிடித்துவிட்டது. "ஒயில் லீக் ஏதும் இருக்கோ அக்கா?" என்றார். "ஓம் தம்பி, மூட்டுக்கு மூட்டு" என்றேன். இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லிக்கொள்ளலாம். அவர் தலை மறைந்ததும் காரை எடுத்தேன். பாலம் தாண்டி, சிலாவத்துறை வரைக்கும் நானே ஓட்டி வந்துவிட்டேன். கார் விற்பனைக்கு இல்லை. இதை நிப்ராஸ் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அவர் மனைவி றிஸ்மினா என்னை இன்றைக்குத்தான் முதல்முதல் காண்கிறாள், அதற்குள் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். சோறு ஆறப்போகிறது.