கம்பளி வாங்காதவன் லாரி வாங்கிய கதை

சிக்கனக்காரனுக்கும் கஞ்சனுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். நான் சிக்கனக்காரன்; மற்றவர்கள் எல்லாரும் கஞ்சர்கள். இந்தச் சின்ன உண்மையை என் மனைவி வள்ளியம்மை மட்டும் இத்தனை வருஷமாகியும் ஒப்புக்கொள்ளவில்லை. அலமாரியில் பாச்சா உருண்டை போட்டு ஒரு கம்பளியை மடித்து வைத்திருக்கிறாள். நான் கொஞ்சம் பேச்சு நீட்டினால் போதும், அலமாரிக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்கும். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அப்போது நம்முடைய ஜில்லா இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. வடசேரிச் சந்தையில் எனக்கு வாழைக்குலை வியாபாரம். குலசேகரத்துப் பக்கமிருந்து ஏத்தன் குலைகள் மாட்டுவண்டியில் வரும்; நான் சந்தையில் உட்கார்ந்தபடி இறக்கி விற்பேன். தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாமே என்றால், பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது? சட்டையை வாரத்தில் ஆறு நாள் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடுவேன், நல்ல பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு. என்னிடம் ஒரு குடையும் இருந்தது. மழையில் அதை விரிக்கமாட்டேன். (நனைந்தால் துணி இற்றுப் போகுமே!) கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் நனைந்து, குடையை நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் லாரி வாங்கும் ஆசை வந்தது. ஆசை என்பதைவிட வயிற்றெரிச்சல் என்பதே சரி. எனக்கு எதிர்க்கடைக்காரர் ஒரு லாரி வாங்கிவிட்டார். அவருடைய குலை விடியற்காலையில் பச்சென்று வந்து இறங்கும். என்னுடையது வண்டிமாடு அசைபோட்டு முடித்து, கறுத்துப் போய் மத்தியானம் வரும். இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்பது எனக்கே தெரிந்தது.

ஆவணியில் யோசிக்க ஆரம்பித்தேன். மார்கழி வரை யோசித்தேன். யோசிப்பதற்குச் செலவில்லை பாருங்கள். டயர் என்ன விலை, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், டிரைவருக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் போடணுமா என்று சந்தைக்கு வருகிற லாரிக்காரர்களை எல்லாம் துளைத்தெடுத்தேன். என்னைக் கண்டாலே டிரைவர்கள் தூங்குவதுபோல் நடிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் பேச்சிப்பாறைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட முதலாளி, யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வைத்திருந்து விற்கப்போவதாகத் தெரிந்தது. நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததோடு வள்ளியம்மையின் வளையல்களையும் அடகு வைத்தால் நாலாயிரம் ரூபாய் தேறும். வளையலைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இந்தச் சங்கிலிய மட்டும் கேக்கப்பிடாது. எங்க அம்மை கழுத்துல கிடந்ததாக்கும். நாலாயிரத்துக்கு மேல ஒரு சக்கரக் காசு ஏறினாலும் வண்டி வேண்டாம்னுட்டு வந்திரணும். கேட்டியளா?"

"நான் ஏத்துவனா? என்னையத் தெரியாதா உனக்கு?" என்றேன்.

தெரியும் என்றுதான் அவளும் தலையை ஆட்டினாள்.

தரகர் கோட்டாறு அசன் சாயிபு. வயதில் மூத்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. அவர் அடிப்படையில் மாட்டுத் தரகர். லாரிகள் பெருகியதும் அந்தத் தரகையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் முறையை மாற்றவில்லை. வண்டியைச் சுற்றிவந்து விலாவில் தட்டிப் பார்ப்பார். முன்பக்கம் குனிந்து பல் பார்ப்பதுபோல் பார்ப்பார். விலை பேசுவதும் மாட்டுச்சந்தை முறைதான்: துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பது. ஆயிரத்தில் பேச்சு என்றால் நாலு விரலைப் பிடித்தால் நாலாயிரம். பிடித்த பிடியை விடாமல் ஒருதரம் அமுக்கினால், மேலே ஒரு நூறு கூட்டித் தருகிறேன் என்று அர்த்தம். வாயால் விலை சொல்லக்கூடாது, முகத்தில் காட்டக்கூடாது. பிடித்த பிடியை மாற்றிச் சொல்லவும் கூடாது. அப்படிச் செய்தவன் கையைச் சந்தையில் அப்புறம் ஒருவரும் தொடமாட்டார்கள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "வெயில்ல எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆகும். மார்கழிக் குளிர்ல விடியக்காலம் ஹேண்டில் போட்டுப் பாக்கணும், அப்பம் தெரியும் வண்டவாளம்" என்று ஒரு டிரைவர் சொல்லியிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பேச்சிப்பாறை அணைப்பக்கம், மார்கழி, விடிகாலை. எந்த லாரியாக இருந்தாலும் இருமத்தான் செய்யும். அந்த இருமலைக் காட்டி ஐந்நூறு ரூபாய் குறைத்துவிடலாம்! முதலாளிக்கு ஆள் சொல்லிவிட்டேன், விடியும்போது வருவேன், அதற்குமுன் வண்டியைத் தொடக்கூடாது என்று.

புறப்படும்போது வள்ளியம்மை கேட்டாள். "மலைப்பக்கம் பனிமஞ்சு இறங்குமாமே. ஒரு கம்பிளி வாங்கிட்டுப் போனா என்னவாம்?"

"எவ்வளவு?"

"எட்டு ரூவா சொல்லுகான்."

"ஒருநாளைக் குளிருக்கு எட்டு ரூவாயா? மிச்சம் முந்நூத்து அறுவத்து நாலு நாளும் அந்தக் கம்பிளிய யாரு போத்துவா, உங்க அப்பாவா?"

மாமனாரை இழுத்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். நான் மல் ஜிப்பாவும் தோளில் ஒரு துவர்த்துமாகக் கிளம்பினேன். (துவர்த்து என்றால் எங்கள் ஊரில் தலை துவட்டுகிற மெல்லிசுத் துண்டு. எதிரே நிற்பவன் முகம் அதன்வழியே தெரியும்.)

முந்தின நாளே குலசேகரம் போய், எங்கள் வண்டிக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, விடிவதற்குமுன் நானும் சாயிபும் நடந்தோம். சாயிபு தலையோடு கால் கம்பளி போர்த்தியிருந்தார். நடந்த வேகத்தில் எனக்கு உடம்பு சூடாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வழியில் கோதையாறு ஓடுவதைப் பார்த்ததும், நல்ல காரியத்துக்குக் குளிக்காமல் போகலாமா என்று ஒரு பக்தி வந்தது. அதுவும் காசு கேட்காத தண்ணீர்!

"மக்கா, வேண்டாம். இந்தக் குளிர்ந்த வெள்ளத்துல மாட்டக்கூட இறக்கமாட்டேன் நான்" என்றார் சாயிபு.

நான் கேட்கவில்லை. மூன்று முழுக்குப் போட்டேன். முதல் முழுக்கு சாமிக்கு. இரண்டாவதில் சாமி மறந்துபோயிற்று. மூன்றாவதில் என் பெயரே மறந்துபோயிற்று. மாற்று வேட்டி கொண்டுபோகவில்லை. எதற்கு இரண்டு வேட்டியை அழுக்காக்குவது? உடுத்தியதையே பிழிந்து உடுத்திக்கொண்டு, துவர்த்தால் துவட்டி, அதையும் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது என் பற்கள் தாமாகவே பேச ஆரம்பித்திருந்தன.

முதலாளி கம்பளிக் கோட்டும் குரங்குக் குல்லாவுமாகத் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் பத்துப்பேர் சுற்றி நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். மஞ்சுக்குள்ளே லாரி நின்றது. கிளீனர் ஹேண்டிலை மாட்டினான். இருமு, இருமு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஒரே சுற்று. புதுமாப்பிள்ளைபோல் ஸ்டார்ட் ஆகி நின்றது.

"எப்படி?" என்றார் முதலாளி. எனக்கு மனசு நொந்துபோயிற்று. அந்தக் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது நான் ஒருவன்தான்.

சாயிபு முதலில் முதலாளியிடம் போய்க் கம்பளிக்குள் கைபிடித்துவிட்டு என்னிடம் வந்தார். "என் கம்பிளிக்குள்ளயே கைய நீட்டு மக்கா, கதகதன்னு இருக்கும்" என்றார். அவர் கம்பளிக்குள் கையை விட்டால் அதற்கும் சேர்த்துத் தரகு போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்று சொல்லி, என்னுடைய ஈரத் துவர்த்தை எடுத்துக் கைமேல் போட்டேன்.

நாலு விரலைக் கெட்டியாகப் பிடித்தேன். நாலாயிரம். முகத்தை மஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கருங்கல் மாதிரி நின்றேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சாயிபின் கை நல்ல சூடாக இருந்தது. அந்தச் சூடு என் கைக்கு ஏறியதும், விடவே மனசு வரவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் உருவப் பார்த்தார். நான் விடவில்லை.

"மக்கா, யோசிச்சுத்தானா?" என்றார் ஒரு தினுசாக.

"யோ... யோசிக்காம நா... நான் எதையும் செய்யமாட்டேன் அண்ணாச்சி."

"இன்னும் வேணுமா? போதுமா?"

"போ... போ... போதும்!"

சாயிபு என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு முதலாளியிடம் போனார். இருவரும் மறுபடி கைபிடித்தார்கள். முதலாளியின் குரங்குக் குல்லா மேலே ஏறியது, கண்கள் விரிந்தன. எழுந்துவந்து என் தோளில் தட்டி, பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னார். ஓசிச் சாயா! நாலாயிரத்துக்கே மனுஷன் இப்படிக் குளிர்ந்துவிட்டாரே, மூவாயிரத்து ஐந்நூறு பிடித்திருக்கலாமோ என்று வருத்தப்பட்டுக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தேன்.

மூன்றாவது டம்ளருக்குக் கை நீட்டும்போது சாயிபு காதருகே வந்தார். "ஒரு சங்கதி கேக்கட்டா? முதலாளி கேட்டதே நாலாயிரத்து எரநூறுதான். அதுக்கும் மேல ஐநூறு ஏத்தித் தாறதுக்கு உனக்கு என்ன மக்கா கிறுக்கா?"

டம்ளர் கையிலிருந்து நழுவிற்று.

"நா... நான் நாலாயிரம்லா பிடிச்சேன்!"

"நாலாயிரம் பிடிச்ச. பொறவு ஏழு அமுக்கு அமுக்கின. நான் கைய உருவுகேன், நீ விடமாட்டேங்க. வாயால ரெண்டுமட்டம் கேட்டேன், போதும்னு சொன்னியே!"

"அது அமுக்கு இல்ல அண்ணாச்சி, நடுக்கம்! குளிரு!"

சாயிபு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிடித்த பிடியை அப்படியே சொல்லியாக வேண்டும், அது அவர் தொழில். சொல்லியும் ஆயிற்று. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்பேன். துண்டு ஈரமாக இருந்தது.

ஆனால் முதலாளி நல்ல மனுஷன். எங்கள் குசுகுசுப்பைப் பார்த்ததும் விஷயத்தை ஊகித்துவிட்டார். தீயைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும் சிரித்துக்கொண்டே பாதி மலையாளத்தில் கேட்டார். "என்ன, உங்களுக்குக் குளிர்ந்ததோ? குளிருதுன்னு ஒரு வார்த்தை பறஞ்சா போதும். எனிக்கு நாலாயிரத்து எரநூறு போதும். அதும் முடியாதுன்னா வண்டி இங்கேயே நிக்கட்டு, ஒரு விரோதமும் இல்ல."

சொல்லியிருக்கலாம். ஆமாம் முதலாளி, எட்டு ரூபாய்க்குக் கஞ்சத்தனம் பார்த்துக் கம்பளி வாங்காமல் வந்தேன், ஆற்றில் வேறு முங்கினேன், செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்திருக்கலாம். வள்ளியம்மையின் சங்கிலி கழுத்திலேயே கிடந்திருக்கும். பத்துப் பால்வெட்டுக்காரர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடசேரிச் சந்தைக்கு இந்தக் கதை என் லாரிக்கு முன்னால் போய்ச் சேரும் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கு... குளிரா? எ... எனக்கா? ந... நல்ல வண்டிக்கு ந... நல்ல விலை!"

என் வாழ்நாளில் சிக்கனத்தை மானம் ஜெயித்தது அந்த ஒரே ஒருநாள்தான். எழுநூறு ரூபாய் மானம்.

கையிலிருந்த நாலாயிரத்தைக் கொடுத்து, மீதிக்கு இரண்டு நாள் தவணை வாங்கினேன். அன்று மத்தியானம் லாரி வீட்டு வாசலில் வந்து நின்றது. வள்ளியம்மை எலுமிச்சம்பழமும் ஆரத்தித் தட்டுமாக ஓடிவந்தாள். தெருவே கூடிவிட்டது. எனக்கு அவள் கழுத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி முடித்ததும், உள்ளே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். என் கை அப்போதும் நடுங்கியது.

"இப்பமும் குளிருதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவளே சந்தைக்குப் போய், என் கணக்கில், அதே எட்டு ரூபாய்க் கம்பளியை வாங்கி வந்தாள். பேரம்கூடப் பேசவில்லை. திரும்பும் வழியில் பெயிண்டரைக் கண்டிருக்கிறாள். லாரி நெற்றியில் 'வள்ளியம்மை துணை' என்று எழுதச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கொட்டை எழுத்தில் 'கம்பளி' என்று எழுதியிருந்தது. சந்தையில் அப்புறம் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்பளிக்காரர்தான்.

லாரி பாவம், ஒரு குறையும் வைக்கவில்லை. எந்த மார்கழியிலும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். மூன்று வருஷத்தில் சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் போட்டுக்கொள்ளவில்லை. "மகளுக்கு ஆகட்டும். உங்க கை எட்டாத எடத்துல இருக்கட்டும்" என்று பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மகள் வளர்ந்து பெரியவளானதும் அவளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பங்குனி மாதம், நல்ல வெயில். மாப்பிள்ளையின் அப்பா குலசேகரத்து ஆள். பேச்சு இனிமையாக நடந்தது. "பிள்ளைக்கு எத்தனை பவுன் போடுவிய?" என்று கேட்டார். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உற்சாகத்தில் அவர் கையை எட்டிப் பிடித்தேன்.

உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

வள்ளியம்மை வந்தாள். சபை நடுவே கம்பளியை விரித்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். கழுத்தருகே இழுத்தும் விட்டாள். பிறகு சம்பந்தக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்பம் கேளுங்க அண்ணாச்சி. குளிராம இருந்தா இவுக கணக்கு சரியா இருக்கும்."

பங்குனி வெயிலில் கம்பளிக்குள்ளே எனக்கு ஆறாக வேர்த்து ஊற்றியது. ஆனால் அவளும் நானும் முன்னாடியே பேசிவைத்திருந்த பவுனுக்கு மேல் ஒரு குன்றிமணிகூட ஏறவில்லை.