இவர் எழுதித் தந்த சம்மதக் கடிதம்

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில் என்னை வெல்ல ஆளில்லை. அந்தத் திறமையை நான் முழுசாகக் காட்டியது டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், ஒரு முதியோர் இல்லத்து நேர்முகத் தேர்வில்.

கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணக் கந்தோர் ஒன்றுக்கு வேலை கேட்டுப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "நாளைக்குக் கலியாணம் கட்டினா மனுசன் வேலைக்கு விடுவாரோ?" என்பதுதான். (முழித்தேன். வேலை போச்சு.) இந்த முறை முழிக்கக் கூடாது என்று, என் கணவரைப் பிடித்து இருத்தி டேனிஷில் கடிதம் எழுதச் சொன்னேன்.

"உதெல்லாம் இஞ்சை கேக்க மாட்டினம் அப்பா," என்றார் இவர்.

"எழுதுங்கோ எண்டுறன்!"

இலக்கம் போட்டு எழுதினார். ஒன்று: என் மனைவி வேலை செய்ய எனக்குப் பூரண சம்மதம். இரண்டு: பிள்ளைகள் இருவரையும் பாலர் பாடசாலையிலிருந்து நானே கூட்டிவருவேன். மூன்று: அவளுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு உண்டு, பாரம் தூக்க விடவேண்டாம்.

மேலாளர் கிர்ஸ்டன் கோப்பி ஊற்றித் தந்தார். படிப்பைக் கேட்டார், பயிற்சியைக் கேட்டார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவில்லை என்றால், எனக்கு வேலை இல்லை என்று முன்பே முடிவெடுத்துவிட்டார்கள்! (என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.) மகனை மடியில் போட்டு ஆட்டி ஆட்டிப் படித்த படிப்பு. இந்த வேலை எனக்கு வேண்டும்.

கைப்பையைத் திறந்து கடிதத்தை மேசையில் வைத்தேன்.

கிர்ஸ்டன் வாசித்தார். பக்கத்தில் இருந்த, ஊழியர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி யென்ஸ் எட்டிப் பார்த்தார். கோப்பி புரைக்கேறி இருமினார்.

"உங்கள் கணவர் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் இப்படிக் கடிதம் கொடுத்தீர்களா?" என்று கேட்டார் கிர்ஸ்டன்.

மேசைக்கு அடியில் ஒளிய இடமிருக்கிறதா என்று பார்த்தேன். யென்ஸின் கால்கள் நீளமானவை, இடமில்லை.

கிர்ஸ்டன் பேனையை எடுத்தார். "முதலாவதை நான் கேட்கவே கூடாது." ஒரு கோடு. "மூன்றாவதும் வேண்டாம். இங்கே எவரும் ஆளைத் தனியாகத் தூக்குவதில்லை. அதற்கு மெஷின் இருக்கிறது. மீறினால் யென்ஸ் கத்துவார்." இன்னொரு கோடு. இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "இது அருமை. வீட்டில் பிரிட்ஜில் ஒட்டுங்கள்."

வேலை கிடைத்தது. சந்தோஷத்தில் பேருந்திலேயே அழுதேன். கடிதத்தையும் ஒட்டினேன். முதல் மழைக்கே இவர் போன் எடுத்தார்.

"இண்டைக்கு நீர் போய்ப் பிள்ளையளைக் கூட்டி வாருமன். எனக்குக் களைப்பாக் கிடக்கு."

"வீட்டை போய் பிரிட்ஜைப் பாருங்கோ!"

பாவம் மனுசன், மழை பனி பாராமல் ஐந்து வருடம் கூட்டிவந்தார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வேலைக்குக் கள்ளமடித்தால் மற்றவர்கள் "இரண்டாம் இலக்கம்!" என்று கத்துவார்கள் (பிள்ளைகள் டேனிஷில்).

போன மாதம் மகள், தான் கட்டப்போகும் பெடியனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவனைத் தேத்தண்ணி குடிக்கவும் விடாமல் இவர் பிரிட்ஜடிக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, இதிலை ரெண்டாவதை வடிவா வாசியும். பிறகு, கீழை உம்மடை கையெழுத்தையும் வையும்."