தலைக்கு மேல் ஒரு கப்பல்

பொய் சொல்லி அகப்படுபவனுக்கு ஒரு நாள் வெட்கம். உண்மையைச் சொல்லிவிட்டு அதைக் காட்ட முடியாமல் நிற்பவனுக்கு ஆயுள் முழுக்க வெட்கம். நான் இரண்டாவது வகை.

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில், ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறையில் நாலு வருடம் தனியாக இருந்தேன். கலியாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் மனைவி சுகந்தியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுப் புறப்பட்டவன். (அவளுக்குத் தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி சீனி என்பதுகூட எனக்குத் தெரியாது.) கிழமையில் ஆறு நாள் வேலை. ஞாயிறுதான் பொல்லாத நாள். ஒரு ஞாயிறு நயாகராப் பக்கம் காரில் போய், வழி தவறி, ஒரு சுரங்கப்பாதையை நோக்கி இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால், எனக்கு மேலே ஒரு கப்பல் போகிறது!

வெலண்ட் கால்வாய் அந்த இடத்தில் ரோட்டுக்கு மேலால் போகிறது. கீழே கார், மேலே தண்ணீர், தண்ணீரில் கப்பல். காரை நிறுத்திவிட்டுக் கரையில் ஏறி நின்றேன். மேல்தட்டில் நின்ற ஒருவன் என்னைப் பார்த்துக் கை காட்டினான். அந்தக் கிழமை எனக்குக் கை காட்டிய ஒரே மனிதன் அவன்தான். பிறகு கோடைக்கால ஞாயிறுகளில் எல்லாம் அங்கேயே போனேன்.

எழுத வேறு விசேஷம் இல்லாததால் சுகந்திக்கு எல்லாக் கடிதத்திலும் அந்தக் கப்பலையே எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. “பாலத்துக்குக் கீழ தண்ணி ஓடுறது எங்களுக்கும் தெரியும். மேல தண்ணி ஓடி, அதிலை கப்பலும் ஓடுதெண்டால், நீங்கள் அங்க என்ன குடிக்கிறியள்?”

அவள் வந்து இறங்கியது ஒரு ஜனவரியில். விமான நிலையத்தில், “சுகமா இருக்கிறியளோ?” என்று தூரத்துச் சொந்தக்காரனைக் கேட்பதுபோல் கேட்டாள். அடுத்த நாலு நாளும் எங்கள் உரையாடல் இதுதான்: “சாப்பிட்டீரோ?” “ஓம்.” “குளிருதோ?” “ஓம்.” நாலு வருடம் கடிதத்தில் பேசியவர்களுக்கு வாயால் பேச வரவில்லை. தனியாக இருந்தபோது பட்ட தனிமையைவிட இது மோசமாக இருந்தது. கப்பலைக் காட்டிவிட்டால் நான் பொய்யன் இல்லை என்று தெரிந்துவிடும், பேச்சுத் தானாக வரும் என்று நம்பினேன்.

“புதுசா வந்த பிள்ளையை முதல் நயாகராவுக்கல்லோ கூட்டிக்கொண்டு போறது?” என்றார் மேல்வீட்டு அண்ணை. எங்கள் ஆட்களுக்கு அது சட்டம். பெட்டி பிரிக்க முதலே நயாகராச் சாரலில் நனைத்து எடுத்துவிடுவார்கள்.

“அதைவிடப் பெரிய சாமான் ஒண்டு காட்டப்போறன், அண்ணை” என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

ஞாயிறு காலை, அவளுக்கு இரண்டு ஸ்வெற்றரும் மேலே என் ஜாக்கெற்றும் போட்டுப் புறப்பட்டோம். என் கார் ஹீற்றர் கோடையில் மட்டும் நன்றாக வேலை செய்யும். சுரங்கம் வந்தது. கப்பல் இல்லை.

“இப்ப வரும், பாரும்.”

அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். இல்லை. மறுபடி போய் வந்தேன். ஏழு தடவை! ஐந்தாவது தடவையோடு அவள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

கடைசியில் கரையில் ஏறிப் பார்த்தோம். கால்வாயின் அடியில் கொஞ்சம் பனிக்கட்டி கிடந்தது.

“தண்ணியையும் காணேல்லை” என்றாள் மெதுவாக.

நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம், கப்பல் எப்போது வரும் என்று என் இங்கிலீஷில் கேட்டேன். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பனிக்காலத்தில் தண்ணீரை வடித்துவிட்டுக் கால்வாயை மூடிவிடுவார்களாம், ஏப்ரல் அளவில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு பனிக்காலம் கண்ட எனக்கு, உறைகிற தண்ணீரில் கப்பல் ஓடாது என்பது ஒருநாளும் தோன்றவில்லை. நாங்கள் பிறந்த இடத்தில் கடலை யார் மூடுவார்கள்?

நான் சுகந்தியிடம் திரும்பித் துணிந்து மொழிபெயர்த்தேன்: “அரை மணித்தியாலத்திலை வந்திடுமாம்.”

“அவர் ஏப்ரல் எண்டல்லோ சொன்னவர்?”

என் மனைவி ஊரில் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு வருடம் சொன்ன உண்மையை நம்பவைக்க முடியாதவன், முதல் பொய்யிலேயே அகப்பட்டேன்.

அவள் வெறும் கால்வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இஞ்சை ஆரோடை வாறனீங்கள்?”

“தனியத்தான்.”

“தனிய வந்து என்ன செய்யிறனீங்கள்?”

“கப்பல்காரருக்குக் கை காட்டுறனான்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே விளங்கியது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். (குளிரால் வந்த கண்ணீர் என்று இன்றும் சாதிக்கிறாள்.) திரும்பி வரும் வழியெல்லாம், ஸ்காபரோ வரும்வரை, வாய் மூடாமல் கதைத்தாள். தேத்தண்ணீருக்கு இரண்டு கரண்டி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரலில் போனோம். கப்பல் வந்தது. அவளுக்கு மூன்று பேர் கை காட்டினார்கள். (எனக்கு ஒரு கப்பலில் ஒருவனுக்கு மேல் யாரும் காட்டியதில்லை.)

இன்றும் நான் போனில், “அரை மணித்தியாலத்திலை வாறன்” என்றால், பின்னால் மகள்மாரின் குரல் கேட்கும்: “அம்மா, அப்பா ஏப்ரல்தான் வருவார்!” அவர்கள் சிரிக்கட்டும். காலையில் நான் வேலைக்குப் புறப்படும்போது சுகந்தி என்ன அவசரம் என்றாலும் யன்னலுக்கு வந்து கை காட்டுவாள். ஏன் என்று கேட்டால், “பாவம், உங்களுக்கு ஆரும் காட்டவேணுமல்லோ” என்பாள்.