முட்டியில் கட்டுப் போட்ட சூசையப்பர்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்

அரக்கோணத்தில் வசிக்கும் அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் பாஸ்கல் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் அம்புரோஸ் எழுதிக்கொள்வது. இங்கு மாதாவின் தயவால் என் சர்க்கரையும் தங்கள் அக்காவின் ரத்தக் கொதிப்பும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன. அங்கு தாங்களும் ஜானட்டும் பிள்ளைகளும் அவ்வாறே நலமாக இருக்கச் சர்வேசுரனை மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனை எடுத்தால் உங்கள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்லப்போவதே அவளைப் பற்றித்தான், மச்சான்.

அடைக்கலமேரிக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்த வயதில் மற்ற பெண்கள் டி.வி. பார்க்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள், ஜெபமாலை சொல்லிக்கொண்டே தூங்குகிறார்கள். உன் அக்காவுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தன் கையால் பொம்மை செய்ய வேண்டுமாம். வண்ணாரப்பேட்டையில் அழகழகாக செட்டு விற்கிறது, வாங்கித் தருகிறேன் என்றேன். “அதுல அல்லாருக்கும் ஒரே மூஞ்சி கீது. மாடு கூட மாதா மாதிரியே சிரிக்குது. எனக்கு வேணாம்” என்றுவிட்டாள். அக்டோபரிலிருந்து வீட்டில் படிக்கப் பேப்பர் கிடையாது. பேப்பர்காரர் போடுவதும் பொம்மைக் கூழுக்காக இவள் கிழித்து ஊறவைப்பதும் ஒன்றாக நடக்கிறது. நாட்டு நடப்பை எல்லாம் வெந்தயத்தோடு சேர்த்து மைய அரைத்துவிடுகிறாள். ஒரு நாள் அந்தக் கூழைச் சட்னி என்று நினைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டேன். ருசி அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

திட்டுவதற்கு முன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். செய்திருக்கிறாள் பார் மச்சான், அப்படிச் செய்திருக்கிறாள்! ஒட்டகத்துக்கு முதல் முதலாகக் கடலைப் பார்த்த முழி. இடையர்கள் காசிமேட்டில் வலை உதறுகிற ஆட்களைப் போல லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். மாதாவின் முகத்தில் பிள்ளை பெற்ற களைப்பு அப்படியே இருக்கிறது. களைத்துப்போன மாதாவை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. மீன் கழுவி, துணி துவைத்து, ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக் காய்த்துப்போன கை இதையெல்லாம் செய்திருக்கிறது. கண்ணுக்குப் பெயிண்ட் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானும் அடக்கிக்கொள்வேன். இந்த வயதில் சூடாக ஒரு டம்ளர் காபி, சாயங்காலம் கொஞ்சம் கடல் காற்று, இவற்றோடு இப்படி ஒருத்தி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் கொடுப்பினைதான்.

பிறகு சூசையப்பரைக் கொண்டுவந்து வைத்தாள். வழுக்கைத் தலை. பின்னால் மட்டும் விசிறி மாதிரி கொஞ்சம் முடி. இடது முட்டியில் கட்டு. கையில் தடி. முதுகை வளைத்துக் குழந்தைப் பக்கம் குனிந்திருக்கிறார். குடில் வாசலில் தரையோடு தரையாக இருக்கிறது. நின்று பார்க்கிற எனக்குத் தெரிந்தது அந்த வழுக்கையும் அந்தக் கட்டும்தான், இரண்டும் என்னுடையவை. கட்டை மட்டும் நான் வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தேன். குனிந்து மற்றதைப் பார்க்க என் முட்டி விடவில்லை.

“இன்னாடி இது? சூசையப்பருக்கு எங்கடி முட்டி வலி?” என்றேன்.

“மாசமா கீற பொண்டாட்டிய கழுதைல குந்த வச்சிட்டு, நாசரேத்துலேர்ந்து பெத்லகேம் வரைக்கும் நடந்தே வந்தாரே, வலிக்காதா பின்ன?” என்றாள். பங்குச் சாமியாரிடம் புகார் செய்தேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, அம்மா சொல்வது சரிதான் என்கிறார்.

இத்தோடு போயிருந்தால் நான் தபால் செலவு செய்திருக்க மாட்டேன். மறுநாள் மீன் விற்கிற மங்கை கூடையை இறக்கி வைத்துவிட்டு, சூசையப்பரின் முட்டியைத் தொட்டாள், தன் முட்டியைத் தொட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, வலி விட்டுப்போச்சு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். தண்டையார்பேட்டை வரைக்கும் உள்ள முட்டிகள் எல்லாம் இப்போது எங்கள் வாசலுக்கு வருகின்றன. ஒருவர் வேளாங்கண்ணிக்கு என்று வாங்கி வைத்திருந்த, வெள்ளியில் செய்த கால் உருவத்தை இங்கேயே காணிக்கையாகப் போட்டுவிட்டார். யாரோ ஒருத்தி சூசையப்பருக்கே தைலம் தடவிவிட்டுப் போயிருக்கிறாள், பெயிண்ட் உரிந்துவிட்டது. வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியில் இருக்கிற என்னையும் ஒரு பார்வை பார்க்கிறார்கள். டீக்கடை ஜஹாங்கீர் பாய் நேரடியாகவே கேட்டுவிட்டார்: “ஊருக்கே சொஸ்தமாவுது, உன் முட்டி எப்டி கீது மாமு?”

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நம் தெருவில் செபஸ்தியார் சப்பரம். அதைத் தூக்குகிற முன்பக்கத் தண்டு யாருடையது? ஹார்பரில் வின்ச் ஓட்டிய காலத்திலிருந்து அது என் தோளில்தான் ஏறும். என் முட்டி போனதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். பூசைக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு எழுந்து வருவேன். அதனால் பெரிய பக்திமான் என்று பெயர் கூட வாங்கியிருந்தேன். இப்போது எல்லாம் வெட்டவெளிச்சம். சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவன் வால்டர் வந்தான். குடிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “மாமா, இந்த வாட்டி நீ தண்டுல கை வெக்காத. கொடி புடிச்சிகினு முன்னால நட, அது போதும்” என்றான். கொடி! முதல் நற்கருணை கூட வாங்காத பொடிப் பசங்கள் பிடிக்கிற கொடி! தண்டையும் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் யார் மச்சான்? வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரியை வேடிக்கை பார்க்கிற கிழவன். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, இந்தச் சூசையப்பரை எடுத்துவிட்டு வண்ணாரப்பேட்டைச் சூசையப்பரை வைக்கும்படி உன் அக்காவிடம் சொல். அவர் வாலிபர், தலை நிறைய முடி, முட்டி அங்கிக்குள் பத்திரமாக இருக்கிறது. கேட்கவில்லை என்றால் அவளையும் அவள் கூழையும் பொங்கல் வரைக்கும் அரக்கோணத்துக்கு அழைத்துப் போய்விடு. வால்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜானட்டுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குத் திருக்குடும்பத்தின் ஆசீர் என்றும் நிறைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்பக்கத் தண்டு
அம்புரோஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வெளியே ஒரே ஹாரன் சத்தம். போய்ப் பார்த்தால் ஹார்பருக்குப் போகிற ட்ரெய்லர் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் டிரைவர், திருமலை என்று பெயர், எண்ணூர்க்காரன், செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். “இன்னாபா, உனக்கும் முட்டியா?” என்றேன்.

“முட்டிலாம் நல்லாதான் கீது பெரியவரே. எங்க நைனா கடலுக்குப் போனவரு திரும்பல. வூட்ல ஒரு போட்டோ கூட கெடையாது. இப்டிதான் குனிஞ்சி எங்கள பாப்பாரு. நீங்க குந்திகினு பாத்தீங்களா?”

நான் எங்கே குந்திப் பார்த்தேன்? சுவரைப் பிடித்து, செபஸ்தியாரில் தொடங்கி எல்லா அர்ச்சிஷ்டவர்களையும் கூப்பிட்டு, ஒரு வழியாகத் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சூசையப்பரின் முகம் தெரிந்தது. என் முகம்தான், சுருக்கம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் பார்வை, எங்கள் மகள் ஜூடி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் குழந்தையைப் பார்த்த பார்வை. அந்த வலியிலும் உன் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் மச்சான். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்து, இப்போது பேப்பர் கூழில் எடுத்து வைத்திருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். நல்லவேளை, ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, ஆனால் பார்க்க மட்டும் வா. சூசையப்பர் மேல் கை வைத்தால் மைத்துனன் என்றும் பார்க்க மாட்டேன். அழுது முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் என் முட்டி அசையவில்லை. லாரி ஏன் நிற்கிறது என்று கேட்க வந்த வால்டர் முன்பக்கமும் திருமலை பின்பக்கமுமாக என்னைத் தூக்கி, படியேற்றி, நாற்காலியில் இறக்கினார்கள். ஒரு குலுக்கல் இல்லை. வால்டர் நன்றாகத்தான் தூக்குகிறான். தண்டு அவனிடமே இருக்கட்டும்.