அலமாரியில் இருக்கும் முதல் தரம்

எடுத்துவைப்பவர் என்றொரு இனம் உண்டு, ஐயா. நான் சொல்லப்போகிறவர் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் சாயத்துக்குப் பொறுப்பாளர். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சதைத் துணுக்குக்கு அங்கேதான் நிறம் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீலம், மற்றதெல்லாம் ரோஜா. இரண்டும் பிரிந்து தெரிந்தால்தான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று டாக்டரால் சொல்ல முடியும்.

சாயம் வந்து இறங்கினால் மனிதரைப் பார்க்க வேண்டுமே! கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முத்திரையைப் பார்ப்பார், பாட்டில் எண்ணைச் சான்றிதழோடு ஒத்துப் பார்ப்பார், ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி, பழைய ஸ்லைடுக்குப் பக்கத்தில் வைத்து இடக்கண்ணால் ஒரு தரம், வலக்கண்ணால் ஒரு தரம் பார்ப்பார், "முதல் தரம்!" என்று தொடையைத் தட்டுவார், உடனே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். எதற்கு? தர ஆய்வுக் குழு வந்தால் காட்ட. அன்றாட வேலைக்கு? பழைய பாட்டிலின் அடிமண்டியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொள்ளலாம்.

போன வாரம் அந்த மண்டியில் முங்கி எழுந்தது அவருடைய சொந்த மச்சினனின் மூக்குக் கட்டி.

"என்னய்யா இது? எது கரு, எது மத்ததுன்னே தெரியல. மூணாவது தடவை!" என்றார் டாக்டர்.

மூக்கில் பிளாஸ்திரியோடு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான் மச்சினன். "மாமா, பத்து நாளா தூக்கமில்ல. மூக்கு இருக்குமா, போயிடுமா?"

"பொறு மாப்ளே. தரத்துல நான் விட்டுக்கொடுக்கறதே இல்ல."

"அக்காகிட்ட சொல்றேன்."

அலமாரி திறந்தது. முதல் தரம் காலாவதியாகி இரண்டு மாதம்.

கூடத்து டெக்னீஷியன் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்கு ஓடி, சர்க்கரை கடன் வாங்குவதுபோல ஒரு கிண்ணம் நல்ல சாயம் வாங்கிவந்தார். அரைக் கிண்ணத்தில் ஸ்லைடு பளிச்சென்று தெரிந்தது. வெறும் மரு! மச்சினன் அழுதுகொண்டே எல்லோரையும் கட்டிப்பிடித்தான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

நம்மவர் மட்டும் மிச்ச அரைக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடடா, எப்பேர்ப்பட்ட சரக்கு! இதை யாரும் தொடாதீங்க" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சிரிக்கிறீர்களா? விருந்தாளிக்கென்று வாங்கிய கோப்பைகள் உங்கள் வீட்டில் இன்னும் பெட்டியைவிட்டு இறங்கவில்லையே, அது ஏன்? நேற்று நான் வந்தபோதுகூட, "இவர் நம்ம மனுஷர்தானே" என்று காதுடைந்த கோப்பையில்தானே காப்பி கொடுத்தீர்கள்?