பிணத்துக்கு வழிவிட்ட படகு

கடல் எங்கள் ஊரை விட்டுப் போய்ப் பல கோடி வருடம் ஆகிறது என்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் தோண்டினால் இன்றைக்கும் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். அவ்வளவு முன்பே போய்விட்ட கடலின் போக்குவரத்து விதிகளை, எங்களுக்கு மிச்சமிருக்கிற கொள்ளிடத்தில், அதுவும் வெள்ளத்தில், நான் அமல்படுத்தப் பார்த்தேன். ஒருவரும் சாகவில்லை. (ஒருவர் முன்பே செத்திருந்தார். அவரைச் சேர்க்கக் கூடாது.)

நான் ஜெயங்கொண்டத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். 'லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ' என்று கத்தியே தொண்டை கெட்டவன். வெள்ளக் காலத்துக்குத் தன்னார்வப் படகுக் குழு ஒன்று அமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சேவை மனப்பான்மை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் நான் எப்படி இருப்பேன் என்று பார்க்கிற ஆசைதான் உண்மையான காரணம். (கேஸ் சிலிண்டர் மாதிரி இருந்தேன் என்று என் மனைவி சொன்னாள்.)

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கப்பலில் பல வருடம் வேலை பார்த்த கேப்டன் ஒருவர் வந்து, மணமேடையில் போர்டை நிறுத்தி, கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான விதிகளை ஒன்று விடாமல் நடத்தினார். நேருக்கு நேர் வந்தால் இரண்டு படகும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால், தன் வலப்பக்கத்தில் மற்றவனைப் பார்க்கிறவன்தான் வழிவிட வேண்டும். மற்றவன் வேகத்தையும் திசையையும் மாற்றாமல் நேரே போக வேண்டும். ஆரன் ஒருமுறை அடித்தால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று பொருள், இருமுறை அடித்தால் இடப்பக்கம். ஐந்து முறை அடித்தால் 'நீ என்ன செய்கிறாய் என்றே எனக்கு விளங்கவில்லை' என்று பொருள். (நம் ரோட்டில் எல்லா ஆரனுக்கும் இந்தக் கடைசிப் பொருள்தான்.)

சேவியர் என்று ஓர் எலக்ட்ரீஷியன், என்னிடம் கார் ஓட்டக் கற்றவன், எழுந்து ஒரு சந்தேகம் கேட்டான்.

"சார், நம்ம ஆத்துல இருக்கப்போறதே ரெண்டு போட்டு. அது ரெண்டும் எங்க சார் முட்டிக்கப்போவுது?"

மண்டபமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்ப்பா. ஒக்காரு" என்றேன். கேப்டன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன், சேவியர் இரண்டாவது. ஆகவே முதல் படகு எனக்கு, இரண்டாவது அவனுக்கு என்று கொடுத்தார்கள். முட்டிக்கொள்ள வேறு படகே ஆற்றில் கிடையாது.

அந்த ஐப்பசியில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீர் சுருண்டு சுருண்டு வந்தது. ஆற்றின் நடுத்திட்டில் இருந்த சில வீடுகளுக்கு வழி அற்றுப்போனது. முதல் நாளே எல்லாரையும் ஏற்றிக் கரை சேர்த்துவிட்டோம். முருகேசன் மட்டும் வரவில்லை. அவன் அப்பா படுத்த படுக்கையாக இழுத்துக்கொண்டிருந்தார். அசைத்தால் போய்விடும் என்றான். மறுநாள் காலையில் அசைக்காமலே போய்விட்டது.

சுடுகாடு வடகரையில் இருந்தது. முருகேசனின் அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து, அப்பா முகத்தைப் பார்க்கக் கரையில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். பிணத்தைக் கொண்டுவரும் வேலை என் படகுக்கு வந்தது. சங்கு ஊதுகிற கோவிந்தண்ணனையும் ஏற்றிக்கொண்டு திட்டுக்குப் போனேன். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்தான் இருந்தது.

பெரியவரைப் பாயில் சுற்றி, மாலை போட்டு, படகின் நடுவில் கிடத்தினோம். முருகேசன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அப்பா மார்பில் கட்ட ஆரம்பித்தான்.

"என்ன முருகேசு பண்ற? அவருக்கு எதுக்கு?"

"ஆத்துல கீத்துல வுழுந்துட்டாருன்னா மாஸ்டர்? எங்கக்கா மொவம் பாக்க நிக்கிது. எங்க போயி தேடுவேன்?"

"நீ வுழுந்துட்டா?"

"நான் புடிச்சிக்குவேன். அவரு எப்புடி புடிச்சிக்குவாரு?"

"வுடுங்க மாஸ்டர், புள்ள மனசு" என்றார் கோவிந்தண்ணன். ஜாக்கெட் போடாதவனைப் படகில் ஏற்றக் கூடாது என்பது விதி. எல்லா விதியையும் கரைத்துக் குடித்தவன், அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தேன். அழுகிறவனிடம் எப்படி வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாதி ஆறு தாண்டியிருப்போம். கிழக்கேயிருந்து, என் வலப்பக்கத்தில், சேவியரின் படகு அரிசி மூட்டைகளோடு குறுக்கே வந்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. (பயத்தில் இல்லை. பரீட்சையில் வந்த அதே கேள்வி கண்ணெதிரே வந்துவிட்ட சந்தோஷத்தில்.) வலப்பக்கம் வருகிறான், ஆகவே நான்தான் வழிவிட வேண்டும். ஆரனை ஒருமுறை அடித்து, அவனுக்குப் பின்னால் போகிற மாதிரி படகை வலப்பக்கம் திருப்பினேன்.

சேவியர் நேரே போயிருக்க வேண்டும். ஆனால் அவன் கண்ணில் பட்டது படகு இல்லை, மாலை போட்ட பிணம். பிணம் வந்தால் வழிவிடாதவன் எங்கள் பக்கத்தில் உண்டா? அவனும் எனக்குப் பின்னால் போகப் பார்த்து, தன் இடப்பக்கம் திருப்பினான். நான் அவன் பின்னால், அவன் என் பின்னால். விளைவு, இருவரும் நேருக்கு நேர்.

நேருக்கு நேர் வந்தால் வலப்பக்கம். அந்த நொடியில் சேவியருக்கு அது ஞாபகம் வந்து, சரியாக வலப்பக்கம் ஒடித்தான். எனக்கு ஞாபகம் வந்தது என் டிரைவிங் ஸ்கூல். 'லெஃப்ட்ல போ' என்று என் குரலே என் காதில் கத்தியது. ஒடித்தேன். இருவரும் ஒரே பக்கம்.

கோவிந்தண்ணன் பயத்தில் சங்கை எடுத்து ஊதினார். எண்ணி ஐந்து முறை. வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத அவர்தான் அன்றைக்கு ஆற்றில் சரியான சைகை கொடுத்த ஒரே ஆள்.

அவன் படகின் மூக்கு என் படகின் வயிற்றில் இடித்தது. என் படகு கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் போய் மேலே வந்தேன். பக்கத்தில் கோவிந்தண்ணன் இருமிக்கொண்டு மிதந்தார். முருகேசனைக் காணோம். "முருகேசு!" என்று கத்தினால் வாய்க்குள் செம்மண் தண்ணீர்தான் போகிறது. ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன் என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். அவன் வீட்டில் ஒரே நாளில் இரண்டு சாவு, இரண்டாவது என் கணக்கு. அந்த நினைப்பை நகைச்சுவையாக எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்புறம் தூரத்தில், நீரோட்டத்தோடு ஓர் ஆரஞ்சு நிறம் போவது தெரிந்தது. பெரியவர் மல்லாந்து மிதந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மார்பில் தலையை வைத்தபடி முருகேசன் போய்க்கொண்டிருந்தான்.

சேவியர்தான் விரட்டிப் போய் இருவரையும் பிடித்தான். முருகேசனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் படகில் ஏற்ற முடிந்ததாம். திரும்பி வந்து எங்களையும் அள்ளிக்கொண்டான். கரையில் அக்கா அப்பாவின் ஈர முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள். நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரூல்ஸ்படி நீ நேராதானடா போவணும்?"

"பொணம் வருது மாஸ்டர்! அதுக்குக் குறுக்க போவச் சொல்றீங்களா? ரோட்டுல பாடை வந்தா வண்டிய ஓரங்கட்டி எஞ்சின ஆப் பண்ணணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான?"

பிறகு கேப்டனிடம் கேட்டேன். பிணம் ஏற்றிய படகுக்கு என்று தனியாக விதி எதுவும் கிடையாதாம். இப்போது நான் படகு ஓட்டுவதில்லை. வேறொருவர் ஓட்ட, முன்னால் உட்கார்ந்து கயிறு பிடிக்கிறேன்.

கருமாதிக்கு முருகேசன் நேரில் வந்து அழைத்தான். போகாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். என் மனைவிதான் சட்டையைப் போட்டுவிட்டு அனுப்பினாள். பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முருகேசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மாலை போட்டிருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் நிறுத்தினான். அடிக்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

"மாஸ்டர், ஒங்களுக்கு ஒன்னு தெரியுமா? எங்கப்பாவுக்கு நீச்சலே தெரியாது" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான். அக்காவும் சிரித்தாள். பந்தலே சிரித்தது. அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அழுதான்.

இன்றைக்கும் ஒவ்வொரு திதிக்கும் எனக்கு அழைப்பு வருகிறது. இலை போட்டதும் முருகேசனின் பிள்ளைகள் புதிதாக வந்த உறவுக்காரர்களைத் தேடிப் பிடித்து இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் என்னைக் கைகாட்டி, "இவருதான் எங்க தாத்தாவுக்கு நீச்சல் கத்துக்குடுத்த மாஸ்டர்" என்கிறார்கள்.