எழுநூறுக்குப் போன வாத்து

ஒரு மனிதரின் முகத்தில் சிரிப்பு வர அன்றைய சந்தை விலை முந்நூறு. அது காலை நிலவரம். மத்தியானத்துக்குள் எழுநூறைத் தொட்டுவிட்டது.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் மரவேலை வரிசையில் கடைசி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எதிரே, துணி வரிசையில், தான் பின்னிய கம்பளிக் குல்லாக்களோடு இருந்தாள். விடுமுறைக் கைவினைச் சந்தையில் அப்படித்தான் ஏற்பாடு: நூல் நூலோடு, மரம் மரத்தோடு. புருஷன் பெண்டாட்டி உறவெல்லாம் வீட்டோடு.

சந்தை திறந்து வெகுநேரமாகியும் அவர் மேஜைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவள் நியாயமானவள்; வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அங்கே பரப்பியிருந்தவை பறவைகள் என்பதற்கு அட்டையில் எழுதியிருந்ததைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வாத்து எது, கிளி எது என்பதில் காலையில் செய்தவருக்கே ஒரு தடவை தடுமாற்றம் வந்தது.

சரக்குக் கம்பெனி கணக்கு முடித்து அனுப்பியதிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்த மனிதர் அவர். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. உளியைக் கையில் எடுத்த பிறகுதான் வாயில் பேச்சு திரும்பியது. முந்தின நாள் மரத்தூளைக் கூட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஒண்ணு கூடப் போகலைன்னா, உளியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடறேன். இடமாவது மிச்சமாகும்."

உளி போனால் மறுபடி நாற்காலிதான். 

தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போல எழுந்து, சந்தை நடந்த மண்டபத்தின் வாசலில் கடை போட்டிருந்த டீக்காரரிடம் போனாள். முந்நூறை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"யாரையாவது விட்டு ஒரு பறவை வாங்கணும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது."

டீக்காரர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர். "உருப்படிக்கு இருபது எனக்கு. அதைச் சாயங்காலம் சேர்த்து வாங்கிக்கறேன். பொருளை என்ன பண்றது, அக்கா?"

"உங்ககிட்டயே இருக்கட்டும். போகும்போது பார்த்துக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் ஒருவர் வந்து வாத்து ஒன்றை எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார், பெரிய ரசிகர் போலத் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்துப் போனார். எதிர் வரிசையில் ஒரு முகம் மெல்ல மலர்ந்தது. எத்தனையோ மாதமாகக் காணாத முகம். அவள் பின்னல் ஊசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் செலவு முந்நூற்று இருபதோடு போயிருக்கும். அவரோ விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு ஐந்நூறு என்று எழுதி வைத்தார்.

ஐந்நூறுக்கு ஆள் வருமா? முகம் வாட ஆரம்பித்தது. அவளுக்கு மறுபடி தாகம் எடுத்தது.

நல்லவேளையாக அவளுடைய குல்லாக்கள் சக்கைப்போடு போட்டன. பேரம் பேசாமல், நிறம் பார்க்காமல் எடுத்துப் போனார்கள். மொட்டைத்தலைக்காரர் ஒருவர் கைக்குழந்தைக் குல்லாவைத் தன் தலையிலேயே வைத்து அளவு பார்த்து வாங்கிப் போனார். கைவேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தானும் விலையை ஐம்பது ஏற்றினாள். துணிக்கடை முதலாளி ஒருவர் வந்து ஒரு டஜன் எடுத்துக்கொள்வதாகவும், பழைய விலைக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னபோது, விலை ஒன்றுதான், வேண்டுமானால் எடுங்கள் என்று அனுப்பிவிட்டாள். அவர் வேண்டாம் என்று போனார். போகட்டுமே.

ஆனால் குல்லா விற்ற காசு கைச்சூடு ஆறுவதற்குள் எதிர் வரிசைக்குப் போய்ப் பறவையாக மாறிக்கொண்டிருந்தது. விலை எழுநூறுக்கு ஏறியதும், இனி முடியாது என்று டீக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்போது பார்த்துக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி, யாரும் ஏவாமல், தானாகவே ஒரு பறவையைக் கையில் எடுத்தாள்.

"காலையில முந்நூறுன்னு போட்டிருந்தீங்களே. அந்த விலைக்குத் தர்றீங்களா? நிஜமாவே பிடிச்சிருக்கு."

"அது காலையில, அம்மா. இந்தச் சரக்குக்கு இப்ப இருக்கிற மவுசே வேற."

அவர் அதைக் கர்வத்தோடு சொல்லவில்லை. நிலவரம் சொல்லும் வியாபாரியின் நிதானத்தோடு சொன்னார். அந்த அம்மாள் பறவையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவர் பாதையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு செதுக்கிக் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்த உளியைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுநூறையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதன் பிறகு கணக்குப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் துள்ளாத குறையாக எதிர் வரிசைக்கு வந்தார்.

"ஆறு போயிடுச்சு. உனக்கு?"

"பதினாலு. விக்காம நின்னது ரெண்டே ரெண்டு."

"பரவாயில்லையே," என்றார். அவர் பார்வையில் ஏதோ ஒரு கனிவு தெரிந்தது. பொறாமையை மறைக்கிறார், பாவம், என்று எடுத்துக்கொண்டாள். "நான் நிர்வாகியைப் பார்த்துட்டேன். அடுத்த விடுமுறைக்கு எனக்கொரு மேஜை, உனக்கொரு மேஜை. இன்னிக்கு வந்ததை அப்படியே முன்பணமா கட்டிட்டேன். உன்கிட்ட எவ்வளவு இருக்கு? கொஞ்சம் குறையுது."

அவள் பெட்டியைத் திறந்து கடைசி நோட்டையும் எடுத்துக் கொடுத்தாள். அவரை இப்படிப் பார்ப்பதற்குக் கொடுத்த விலையாக நினைத்துக்கொண்டாள்.

மேஜைகளைக் காலி செய்துவிட்டு வெளியே வந்தார்கள். வாசலில் டீக்காரர் பெரிய சாக்கு மூட்டை ஒன்றோடு நின்றிருந்தார். அவள் புருஷனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, இப்போது வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அதே சமயம் புருஷனும் காதைச் சொறிகிற சாக்கில் டீக்காரருக்கு ஏதோ ஜாடை காட்டுவது போலிருந்தது. டீக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் கடை கட்டுகிற நேரம்.

"அக்கா வாங்கச் சொன்ன பறவை ஆறு, அக்காவுக்கு முன்னாடியே வந்து அண்ணன் வாங்கச் சொன்ன குல்லா பதினாலு, எல்லாம் இந்த மூட்டையில பத்திரமா இருக்கு, ஆக இருபது உருப்படிக்கு என் கூலி நானூறு, யாராவது ஒருத்தர் குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போங்க."